அம்மா சாப்பிட்டாரா என்று கேளுங்கள்

ஆற்காட்டுத் தம்பிக்கு, மஸ்கட் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அப்பா பைக்கில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு வேலூரில் ஐசியூவில் இருக்கிறார், கூட அம்மா மட்டும், உடனே கிளம்பட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கேட்ட ரூம் மாற்றுவது, லைசென்ஸ் எடுப்பதெல்லாம் அப்புறம், அதை யாரும் சொல்வார்கள்.

2008இல் நான் வந்த மூன்றாம் மாதம், பள்ளிகொண்டா பக்கம் என் அண்ணன் லாரியில் அடிபட்டான். போன் கார்டு தீரத் தீர வாங்கி, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று அம்மாவைக் குடைந்தேன். "சாப்பிட்டியா?" என்று ஒருதடவைகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருப்பவருக்கான பாஸ் ஒன்றுதான், அது அம்மா கையில். உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பாத்ரூமுக்குக்கூட நகரமாட்டார். ஐந்தாம் நாள் மருந்துச் சீட்டோடு வரிசையில் மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து பிஸ்கட் ஊட்டியது, தமிழே தெரியாத ஒரு வங்காளி அம்மாள்.

அதனால் முதலில் இன்னொரு ஆளைப் பிடியுங்கள். சித்தி மகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ, பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுத்து ராத்திரிக்கு உட்கார வையுங்கள். பக்கத்து லாட்ஜில் ஒரு சின்ன ரூம் எடுத்தால் அம்மா குளித்து நாலு மணி நேரம் படுப்பார். சொந்தக்காரர்களுக்கு நீங்களே தகவல் சொல்லுங்கள், அம்மா போனுக்கு ஒருவரும் வரக் கூடாது. இங்கே நம் ஆட்கள் சிலர் மூலிகை வீடியோ அனுப்புவார்கள், பணம் போட்டதை ஊருக்கெல்லாம் சொல்வார்கள். அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னால் யாரையும் கேட்காமல் கிளம்புங்கள். இல்லையென்றால் லீவை வார்டுக்கு மாற்றும் நாளுக்கு வையுங்கள். ஐசியூவில் பார்க்க விடுவதே கொஞ்ச நேரம். வார்டில்தான் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும், அம்மா ஒருவரால் ஆகிற காரியமில்லை.

அண்ணனை அப்புறம் வேலூரிலேயே பாகாயத்துக்கு மாற்றினோம். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அது. புரட்டுவது, டியூப் சுத்தம் செய்வது எல்லாம் அம்மா அங்கேதான் கற்றுக்கொண்டார். நான் இங்கே அரபி கற்று, மோருக்குப் பதில் லபானுக்குப் பழகியதும் அந்த வருஷம்தான்.

அண்ணன் இப்போது குடியாத்தத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான், தானே புரண்டு படுப்பான். அம்மா மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவன் கட்டிலருகே போய் நிற்கிறாராம்.