மெட்ரோ நிலையம் வருகிறது, கையெழுத்து கேட்டு ஆளும் வருகிறார்: என்ன செய்வது?

கேள்வி: சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில், மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடத்தில், எங்கள் குடியிருப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு நிலையம் கட்டுகிறார்கள். தனி வீடுகளும் சின்ன அடுக்குமாடிகளுமாக 140 குடும்பங்கள் இருக்கிறோம். போன மாதம் ஒருவர் வண்ண வரைபடத்தோடு வந்து கூட்டம் போட்டார். "இந்த ஏரியா முழுக்க டி.ஓ.டி. மண்டலம் ஆகப்போகிறது, இப்போதே ஆட்சேபணை கொடுக்காவிட்டால் வீடு போய்விடும், வீட்டுக்கு 3,000 ரூபாயும் ஒரு கையெழுத்தும் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். 12 வீட்டார் கொடுத்துவிட்டார்கள். நிலையத்தைச் சுற்றி என்ன வரவேண்டும் என்பதில் எங்களுக்கு உண்மையிலேயே பேச இடம் இருக்கிறதா? யாரிடம் பேசுவது? – குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை.

பதில்:

அம்மா, முதலில் அந்த 3,000 ரூபாயை இனி யாரும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரசு வெளியிடும் திட்ட வரைவுக்கு ஆட்சேபணை சொல்லவோ யோசனை சொல்லவோ கட்டணம் கிடையாது. முகவர் தேவையில்லை. வெள்ளைத் தாளில், தமிழில், உங்கள் கையால் எழுதினாலே போதும்.

அடுத்து, டி.ஓ.டி. என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். போக்குவரத்து நிலையத்தைச் சுற்றி நெருக்கமாக ஊரை வளர்ப்பது என்பதுதான் அதன் பொருள். மத்திய அரசு 2017-இல் இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர், அதாவது 10, 12 நிமிட நடைதூரம். அந்த வட்டத்துக்குள் நிறையப் பேர் குடியிருக்கவும் வேலை பார்க்கவும் வேண்டும், அவர்கள் வண்டி எடுக்காமல் நடந்தே ரயிலுக்கு வரவேண்டும் என்பது யோசனை. அதற்காக அந்த வட்டத்தில் கூடுதலாகக் கட்ட அனுமதி தரலாம். அனுமதி என்றுதான் சொல்கிறேன். பக்கத்து மனைக்காரர் ஆறு மாடி கட்டலாம் என்றால், நீங்களும் கட்டியே ஆகவேண்டும் என்றோ வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றோ ஆகாது. நிலம் எடுப்பது முற்றிலும் வேறு சமாச்சாரம். அதற்குத் தனிச் சட்டம், சர்வே எண்ணோடு தனி அறிவிப்பு, இழப்பீடு எல்லாம் உண்டு. அப்படி ஒரு அறிவிப்பு உங்களில் யாருக்காவது வந்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அதில் போட்டிருக்கும் கடைசி நாளுக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வரவில்லை என்றால், "வீடு போய்விடும்" என்று சொன்னவர் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பியிருக்கிறார்.

சரி, பேச இடம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அது எப்போதும் திறந்திருக்கும் கதவு இல்லை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இலிருந்து இருக்கிறது. முழுமைத் திட்டமோ (ஊர் முழுமைக்கும் போடுவது) விரிவு வளர்ச்சித் திட்டமோ (ஒரு பகுதிக்கு மட்டும் விவரமாகப் போடுவது) தயாரித்தால், வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணையும் யோசனையும் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. முழுமைத் திட்டத்துக்கு அந்த அவகாசம் குறைந்தது இரண்டு மாதம். சொந்த வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும் என்றில்லை, வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கானது. அதன் வரைவு எந்த நாளில் வெளியாகிறதோ அன்றைக்குத்தான் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கும். சங்கத்தில் படித்த பிள்ளை ஒருவரிடம் இதை ஒப்படையுங்கள்: வாரம் ஒரு முறை சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தைப் பார்ப்பது, நாளிதழில் வரும் நில உபயோக மாற்ற அறிவிப்புகளைக் கத்தரித்து வைப்பது. உங்கள் தெருவின் சர்வே எண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அறிவிப்புகளில் மனையைப் பெரும்பாலும் சர்வே எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண முடியும்.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. 140 குடும்பத்தின் அடுத்த இருபது வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அறிவிப்பு, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் எங்கோ ஒரு மூலையில் வருகிறது. வரைபடத்தில் இருக்கும் விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். கருத்துக் கேட்புக் கூட்டம் வேலை நாளில் காலை 11 மணிக்கு. பிறகு "மக்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று குறிப்பு எழுதுகிறார்கள். சுவரொட்டி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட என்ன தடை? இத்தனை வருடமாகக் கேட்கிறேன். அரசு விட்டுவைத்த இந்த இடைவெளியில்தான் வண்ண வரைபடத்தோடு ஆட்கள் நுழைகிறார்கள்.

வரைவு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இப்போதே செய்யக்கூடிய பெரிய வேலை நடப்பது. நிலையம் வரும் இடத்திலிருந்து உங்கள் குடியிருப்பின் நான்கு மூலைக்கும் நடந்து பாருங்கள். காலை ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை, மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. ஒரு பாட்டியையும் பள்ளிப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடைபாதை எங்கே முடிந்துபோகிறது, விளக்கு எங்கே இல்லை, தண்ணீர் எங்கே நிற்கிறது, ஷேர் ஆட்டோக்கள் எங்கே குவியும், ரயிலுக்குப் போகிறவர்கள் பைக்கை எந்தத் தெருவில் நிறுத்துவார்கள் என்று படம் எடுத்துக் குறியுங்கள். அப்புறம் மனு எழுதுங்கள். "எங்கள் அமைதியான பகுதியைக் கெடுக்காதீர்கள்" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். "இந்தத் தெரு முனையிலிருந்து நிலைய வாசல் வரை 220 மீட்டருக்கு நடைபாதை இல்லை, மழைநீர் வடிகால் மூடி திறந்து கிடக்கிறது, இங்கே இரண்டு மீட்டர் நடைபாதையும் சாலையின் இந்தப் பக்கம் ஒரு நுழைவாயிலும் வேண்டும்" என்று எழுதினால் ஒரு பொறியாளர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே வாசகத்தை நகல் எடுத்து 140 பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, பத்துப் பேர் பத்து வெவ்வேறு இடத்தைப் பற்றி எழுதுவது மேல். நகல் மனுக்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள்.

உயரமான கட்டடங்களே வேண்டாம் என்று உங்கள் சங்கத்தில் சிலர் சொல்லக்கூடும். என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: நிலையத்தை ஒட்டி ஆட்கள் கூடுவது நல்லது. இவ்வளவு கடன் வாங்கிப் போட்ட தண்டவாளத்தில் காலி ரயில் ஓடக்கூடாது. நீங்கள் கேட்க வேண்டியது, அத்தனை பேருக்கும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தாங்குமா, எப்போது மாற்றப்போகிறீர்கள் என்பதுதான். இந்தக் கேள்வியை அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது.

யாரிடம் கொடுப்பது என்பதுதான் பெரிய தலைவலி. நிலைய வாசலும் வளாகமும் மெட்ரோ நிறுவனம். வாசலைத் தாண்டி ஓரடி வைத்தால் சாலை மாநகராட்சியுடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கும். நில உபயோகமும் கட்டடப் பரப்பும் சி.எம்.டி.ஏ. பேருந்து இணைப்பு கும்டா, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். வண்டி நிறுத்தம் போக்குவரத்துக் காவல். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அதனால் ஒரே கடிதத்தை எல்லோருக்கும் முகவரியிட்டு, யார் யாருக்கு நகல் போகிறது என்று கீழே பட்டியல் போட்டு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "என் மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மாநகராட்சி வார்டுக்குள் நடக்கும் பகுதி சபா கூட்டத்திலும் இதே மனுவை வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இன்னொரு வாசலும் உண்டு. இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம், ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை கடன் தருகின்றன. பாதிக்கப்பட்டவர்கள் முறையிட அவற்றுக்கென்று வழிமுறை இருக்கிறது. ஆனால் முதலில் திட்ட அலுவலகத்தில் மனு கொடுத்த சான்று கையில் இருக்க வேண்டும்.

இனி கையெழுத்து. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். நகரமைப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். ஒரு முறை ஒரு குடியிருப்பில் நடந்த கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள், போயிருந்தேன். டீ கொடுத்தார்கள், ஒரு நோட்டு சுற்றி வந்தது, எல்லோரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மேலே தலைப்பு எதுவும் இல்லை. சில மாதம் கழித்து அந்தப் பக்கங்கள் ஒரு கோப்பில் இருந்தன, முதல் பக்கத்தில் "கீழே கையொப்பமிட்டவர்கள் திட்டத்துக்கு முழு சம்மதம் தெரிவிக்கிறோம்" என்று தட்டச்சு செய்த தாளோடு. என் கையெழுத்தும் அதில் இருந்தது. அன்றிலிருந்து எந்த வருகைப் பதிவிலும் "வருகைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதித்தான் கையெழுத்துப் போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தலைப்பில்லாத தாள், பாதி காலியான தாள், "பவர்" பத்திரம், ஆங்கிலத்தில் நாலு பக்கம், ஆதார் நகல், பத்திர நகல், எதையும் கொடுக்காதீர்கள். மெட்ரோ வழித்தடத்தைக் காட்டி மனையை மலிவாக எழுதி வாங்குவதும், விலை ஏறும் என்று ஆசை காட்டி "பவர்" வாங்குவதும் ஒரே ஆளின் இரண்டு முகம்தான்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் குடியிருப்பில் சின்ன அடுக்குமாடிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனி வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் அவர் வீட்டை எந்தக் கட்டுநரும் தொட முடியாது. அடுக்குமாடியில் அப்படியில்லை. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஆக, அங்கே ஒதுங்கி இருப்பது உங்களைக் காப்பாற்றாது. மற்றவர்கள் என்ன நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறார்களோ அதுவே உங்கள் தலையிலும் விழும். கூட்டத்துக்குப் போகவேண்டும், கேட்கவேண்டும், எழுதித்தரச் சொல்லவேண்டும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி பிரிபடாத பங்கு, அதாவது யு.டி.எஸ்.: அடுக்குமாடி நிற்கும் பொது மனையில் உங்கள் வீட்டுக்குரிய நிலப் பங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு கிரவுண்டு, 9,600 சதுர அடி மனை. எட்டு வீடு, ஆளுக்கு 1,000 சதுர அடி வீடும் 1,200 சதுர அடி நிலப் பங்கும் என்று வைத்துக்கொள்வோம். கட்டுநர் வந்து, "இடித்துக் கட்டி ஆளுக்கு 1,200 சதுர அடி வீடு தருகிறேன், காசு வேண்டாம்" என்கிறார். இருநூறு அடி இலவசம் என்று எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையைப் போல் எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்ற அளவு, 2 என்றும், கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் 40 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால் 2.8. மொத்தம் 26,880 சதுர அடி எழும்பும். எட்டு பேருக்குப் போவது 9,600, கட்டுநருக்கு 17,280. நிலத்தில் உங்கள் பங்கு? 1,200-இலிருந்து சுமார் 429 ஆகிவிடும். நிலையம் வந்து மனை விலை ஏறுகிற நேரத்தில், மனையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கைமாறிப் போயிருக்கும். குறியீடு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு உங்கள் பங்கு சுருங்கும். இது தவறு என்று சொல்லவில்லை, பழைய கட்டடம் விழும் நிலையில் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லாமலும் போகலாம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகு பேரம் பேசுங்கள். கட்டி முடிக்கும் வரை வாடகை, தாமதமானால் அபராதம், வங்கி உத்தரவாதம், பதிவு செய்த ஒப்பந்தம் எல்லாம் அதில் வரவேண்டும். அப்புறம் கையெழுத்து.

நிலையம் வரும் சாலையில் தள்ளுவண்டிக் கடைக்காரர்கள் இருந்தால் அவர்களையும் உங்கள் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, விற்பனைச் சான்று பெற்றவர்களை 30 நாள் அறிவிப்பு இல்லாமல் அப்புறப்படுத்த முடியாது. பலருக்கு அதுவே தெரியாது.

கடைசியாக, ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட 12 வீட்டாரைப் பற்றி. என்ன தாளில் போட்டார்கள் என்று அந்த ஆளிடம் நகல் கேட்கச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. 12 பேரும் தனித்தனியாக, "இன்ன தேதியில் இன்ன இடத்தில் நாங்கள் இட்ட கையெழுத்தைச் சம்மதமாகவோ அதிகாரப் பத்திரமாகவோ பயன்படுத்தக் கூடாது, எங்கள் சார்பில் பேச யாரையும் நியமிக்கவில்லை" என்று நான்கு வரி எழுதி, சி.எம்.டி.ஏ.வுக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பட்டும். முத்திரைத் தாளில் போட்டிருந்தாலோ சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தாலோ கடிதம் போதாது; ரத்துப் பத்திரம் தேவைப்படும். உடனே அந்த அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இந்த வாரமே செய்யுங்கள் அம்மா.