பழ ஈயின் டிஎன்ஏ நொதிகள்: வாசகர் கேள்விகள்

பழ ஈ முட்டைகளுக்குப் புற ஊதாக் கதிர் கொடுக்கிறோம். ஒரு நாள் பாதி சாகின்றன. மறுநாள் அதே அளவுக்குப் பெரும்பாலும் பிழைக்கின்றன. விளக்கு பழுதா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

விளக்குக்கு முன் சன்னலைப் பாருங்கள். புற ஊதா, டிஎன்ஏவில் அடுத்தடுத்த இரு பிரிமிடின் காரங்களை (T, C என்ற டிஎன்ஏ எழுத்துகளை) ஒட்டவைக்கிறது. ஒட்டு இரு வகை. வகைக்கொன்றாகப் பழ ஈயிடம் இரண்டு போட்டோலயேஸ் நொதிகள் உண்டு. நீல ஒளி பட்டதும், இழையை வெட்டாமலே ஒட்டைப் பிரித்துவிடும். (மனிதரிடம் இந்த நொதி இல்லை.) அறையில் வெளிச்சம் கூடினால் பிழைப்பதும் கூடும்.

ஒரு மணி நேரத்தில் இட்ட முட்டைகளை மட்டும் எடுங்கள். சம அளவு நீர் கலந்த பிளீச்சில் 2 நிமிடம் வைத்து மேலோட்டை நீக்கி, வாடை போகும்வரை கழுவுங்கள். தட்டின் மூடியைக் கழற்றுங்கள். 254 நானோமீட்டர் கதிர் பிளாஸ்டிக்கைத் தாண்டாது. விளக்கு 10 நிமிடம் எரிந்தபின், அறையில் சிவப்பு விளக்கு மட்டும் வைத்துக்கொண்டு கதிர் கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிறகு பாதித் தட்டுகளை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். மீதி டியூப்லைட்டின் கீழ் இருக்கட்டும். இரண்டும் 25 டிகிரியில். நம்மூர் வெயிலில் வைத்தால் சூடே கொன்றுவிடும், கதிரின் வேலை தெரியாது. பிளீச் மட்டும் பட்ட ஒரு தட்டும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

இருட்டில் பிழைப்பவை, சேதத்தை வெட்டியெடுத்து நிரப்பும் நொதிகளால் பிழைக்கின்றன. அதில் வெட்டும் நொதி கெட்ட, மெய்-9 என்ற மரபுமாற்ற வகை ஈக்களையும் சேர்த்தால் சோதனை முழுமையாகும்.

முட்டைக்குள் சில நிமிடங்களில் டிஎன்ஏ நகலாகிறதாமே, அங்கே பாலிமரேஸ் (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி) வேகமானதா? (அம்பாசமுத்திரம்)

இல்லை. முட்டையிலும் சரி, வளர்ந்த செல்லிலும் சரி, ஒரு நகல் முனை (இழை பிரிந்து நகலாகும் இடம்) நிமிடத்துக்குச் சுமார் 2,600 கார இணைகளையே கடக்கும். முட்டையில் நகல் தொடங்கும் இடங்கள்தான் நெருக்கம்: ஏறத்தாழ 8,000 இணைகளுக்கு ஒன்று. நொதிகளைத் தாய் ஈ முன்கூட்டியே முட்டையில் நிரப்பிவிடுகிறது.

பழ ஈக்கு டெலோமரேஸ் (நகலாகும்போது குறையும் குரோமோசோம் நுனியை நீட்டும் நொதி) உண்டா? (வள்ளியூர்)

கிடையாது. ஹெட்-ஏ, டார்ட், டாஹ்ரே என்ற தாவும் மரபுக்கூறுகள் குரோமோசோம் நுனியில் வந்து சேர்ந்து குறைவை ஈடுசெய்கின்றன.

பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம் மெலிந்தே தெரிகிறது. (ஆசிரியர், தென்காசி)

செல் பிரியாமல் டிஎன்ஏ சுமார் 10 சுற்று நகலாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் சேர்ந்தால்தான் அது தடிக்கும். நெரிசல் புழுவை மெலியவைக்கும்; வெப்பம் அதற்குள் கூட்டுப்புழுவாக்கிவிடும். ஒரு புட்டிக்குச் சில ஜோடி மட்டும் விட்டு, ஈஸ்ட் கூட்டி, 18 டிகிரியில் வளருங்கள். புட்டிச் சுவரில் ஏறும் கொழுத்த புழுவை எடுத்து, 0.7 சதவீத உப்பு நீரில் அறுங்கள்.