ஹெட்ஃபோனை வீட்டிலேயே மாற்றியமைப்பது: கேள்வி பதில்

ஹெட்ஃபோனைப் பிரித்து, பேட் மாற்றி, உள்ளே பஞ்சு வைத்து, வெளியே வண்ணம் பூசி நமக்கேற்றபடி ஆக்கிக்கொள்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண மூடிய வகை (கப்பின் பின்பக்கம் அடைத்த) ஹெட்ஃபோன். புதிது வாங்கும் எண்ணம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

இயர்பேடிலிருந்து, அதாவது காதைச் சுற்றி உட்காரும் மெத்தையிலிருந்து. உள்ளே இருந்து ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான டிரைவரைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் டிரைவருக்கும் உங்கள் காதுக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் பாதி ஒலியைத் தீர்மானிக்கிறது. அந்தக் காற்றின் சுவர்தான் பேட். பேட் தோலோடு நன்றாகப் பொருந்தாமல் ஓர் இடைவெளி விட்டால் முதலில் கசிந்து போவது தாழ்ந்த ஒலியான பேஸ். மூக்குக் கண்ணாடியின் காம்பு தூக்கிப் பிடிக்கும் சின்ன இடைவெளியே அதற்குப் போதும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் உங்கள் பேட் கசிகிறது. பழைய செயற்கைத் தோல் பேட்கள் உரிந்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் அமுங்கிப் போயிருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அப்படியானால் முதலில் அதே மாடலுக்கான புதிய பேடை மாட்டிக் கேளுங்கள். "என் ஹெட்ஃபோன் மங்கிவிட்டது" என்று சொல்பவர்களில் பலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும்.

வேறு வகை பேட் போடுவதானால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஆழம், உள்வட்டத்தின் அளவு, மேல் துணி. ஆழம் கூடினால் டிரைவர் காதைவிட்டு விலகும். இசை நடக்கும் மேடை சற்று அகலமாகத் தோன்றும், பேஸின் அளவும் மிட்ஸின் (குரல் இருக்கும் நடு ஒலி) அளவும் மாறும். மெத்தென்று இருக்கிறதே என்று ஆழமான பேடை வாங்கிவிட்டு, பாடகர் தூரமாகப் போய்விட்டார் என்று வருத்தப்படுபவர்கள் அதிகம்.

கேள்வி: வியர்க்கிறது என்று வெலூர் (வெல்வெட் போன்ற) துணி பேட் மாட்டினேன். பேஸ் போய்விட்டது. திரும்பப் பெற வழி உண்டா?

உண்டு. வெலூர் காற்றை விடும், அதனால்தான் குளிர்ச்சியாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் பேஸும் வெளியேறுகிறது. முகத்தில் படும் பக்கம் துணியும், உள் சுவரிலும் வெளிச் சுவரிலும் தோலும் இருக்கும் கலப்பு பேட்கள் கிடைக்கின்றன. உங்களுக்கு அதுதான் சரி. கையிலிருப்பதை வைத்தே பார்க்க வேண்டுமென்றால் பேடின் உள் சுவரைச் சுற்றி மெல்லிய டேப் ஒன்றை ஒட்டிக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம்.

கேள்வி: என் மூடிய ஹெட்ஃபோனில் குரல் ஒரு டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. உள்ளே பஞ்சு அடைக்கச் சொல்கிறார்கள். சரியா அண்ணா?

சரிதான். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு செய்தால் அளவு தவறாது.

டிரைவர் முன்பக்கம் எவ்வளவு ஒலி தருகிறதோ, பின்பக்கமும் அவ்வளவு தருகிறது. மூடிய கப்பில் அந்தப் பின் ஒலி சுவரில் மோதித் திரும்பி வருகிறது. கப்பின் ஆழம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்குள் அரை அலை சரியாக அடங்கும் அதிர்வெண் சுமார் 3,400 ஹெர்ட்ஸ். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அதுவேதான். அங்கே ஒரு மேடோ பள்ளமோ விழுந்தால் குரல்தான் முதலில் அடிபடும். டப்பா என்று நீங்கள் சொல்வது அதைத்தான்.

இதற்குப் பஞ்சு, கம்பளி ஃபெல்ட், தலையணையில் அடைக்கும் பாலியஸ்டர் இழை எல்லாமே உதவும். கொஞ்சம் எடுத்து, நன்றாகப் பிரித்துவிட்டு, காற்றோட்டமாக வையுங்கள். திணித்து அடைத்தால் பஞ்சுக்குள் காற்றுக்கு இடமில்லாமல் கப்பே சின்னதானதுபோல் ஆகி, பேஸ் மெலியும். டிரைவரின் பின்பக்கத் துளைகளையும் அவற்றை மூடியிருக்கும் மெல்லிய காகிதத்தையும் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வைக்க வேண்டும், கண்ணளவு போதாது. சமையலறைத் தராசு இருந்தால் பஞ்சை எடை போட்டு வையுங்கள்.

கப்பின் சுவரே அதிர்வது வேறு பிரச்சினை. அதற்குப் பஞ்சு பயன்படாது, கனம் வேண்டும். கப்பை விரலால் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று வெறுமையாகக் கேட்டால், உள் சுவரில் களிமண் போன்ற பிளாஸ்டிசினையோ, காரின் கதவுகளுக்குள் ஒட்டும் பியூட்டைல் தகட்டையோ மெல்லிய படலமாக ஒட்டலாம். தலையில் கனம் கூடும் என்பதை மறக்காதீர்கள்.

இந்த இரண்டு வேலைகளுக்கும் பெயர்போனது ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்ற ஹெட்ஃபோன். பிளேனார் (தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை) டிரைவர், ஸ்கிரூவில் திறக்கும் கப், உள்ளே மாற்ற ஏகப்பட்ட இடம். டான் கிளார்க் தன் மிஸ்டர் ஸ்பீக்கர்ஸ் நிறுவனத்தின் மேட் டாக் ஹெட்ஃபோனை அதன்மேல்தான் உருவாக்கினார். பிறகு வந்த ஆல்ஃபா டாக் ஹெட்ஃபோனில் கப்பையே முப்பரிமாண அச்சில் எடுத்தார். இன்று டான் கிளார்க் ஆடியோ என்ற பெயரில் இருப்பது அதே நிறுவனம்தான். வீட்டு மேசையில் செய்யும் இந்த வேலைக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

கேள்வி: சென்ஹைசர் எச்டி 558-க்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் பட்டையை எடுத்துவிட்டால் அது மேல்தர மாடலான எச்டி 598 ஆகிவிடுமா?

அப்படியே 598 ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன். பட்டை பின்பக்கத்துத் திறப்பின் ஒரு பகுதியை மூடியிருக்கிறது. எடுத்தால் கொஞ்சம் திறந்த ஒலி வரும். வித்தியாசம் சிறியதுதான். செய்து பாருங்கள், ஆனால் பட்டையைத் தூக்கி எறியாமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

கேள்வி: பேயர்டைனமிக் டிடி 990-இல் "ச", "ஸ" எல்லாம் காதைக் குத்துகிறது. டிரைவருக்கு முன்னால் டிஷ்யூ தாள் வைக்கலாமா?

வைக்கலாம். அதற்கு முன் குத்துவது எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள். இந்த ஹெட்ஃபோனில் 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு இருப்பது தெரிந்த விஷயம். ஆனால் காதின் வடிவத்தைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் சற்று நகரும். சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, 5,000-இலிருந்து 10,000 வரை மெதுவாக ஏறும் ஒற்றை ஸ்வரத்தை ஓடவிடுங்கள். எங்கே துள்ளுகிறதோ அங்கே ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) 4 டெசிபல் குறைத்து ஒரு வாரம் கேளுங்கள்.

அந்தக் குறைப்பு பிடித்திருந்தால் பிறகு தாளையோ மெல்லிய ஃபெல்ட்டையோ வைத்து அதே அளவைப் பிடிக்கப் பாருங்கள். ஒரு அடுக்காகத் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். தாள் டிரைவரின் முகத்தைத் தொடக் கூடாது, அதற்கு முன்னால் இருக்கும் வலையின் மேல்தான் உட்கார வேண்டும். தாள் அந்த ஒரு மேட்டை மட்டும் குறைக்காது, மேல் பகுதி முழுவதையும் கொஞ்சம் இறக்கும். அதனால் சிலர் ஈக்வலைசரோடு நின்றுவிடுகிறார்கள். அதிலும் தப்பில்லை.

கேள்வி: அப்படியென்றால் எல்லாவற்றையும் ஈக்வலைசரிலேயே செய்துவிடலாமே? ஏன் கழற்ற வேண்டும்?

நல்ல கேள்வி. கணினியில் மட்டும் கேட்பவர் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ போன்ற இலவச மென்பொருள் பெரும்பகுதியைச் செய்துவிடும். எதை நோக்கித் திருத்துவது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது: ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்க வைத்து, பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலி எப்படி இருக்கும் என்று உருவாக்கிய ஹார்மன் வளைவு. எதையாவது கூட்டினால் அதே அளவுக்கு ப்ரீஆம்ப் (மொத்தச் சத்த அளவு) மதிப்பைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் உரத்த இடங்களில் ஒலி உடையும்.

ஈக்வலைசரால் முடியாதவையும் உண்டு. கசியும் பேடில் பேஸைக் கூட்டினால் டிரைவர்தான் வீணாக உழைக்கும். தலையைத் திருப்பினால் கசிவும் மாறும், பேஸும் மாறும். தளர்ந்த பாகத்தின் அதிர்வும், காதை அமுக்கும் பேடும் மென்பொருளில் சரியாகாது.

கேள்வி: வெள்ளிக் கேபிள் போட்டால் ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) தெளிவாகுமா சார்?

ஆகாது. ஒரு நல்ல செப்புக் கம்பியின் மின்தடை ஹெட்ஃபோனின் தடையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நீளம், எடை, உடையில் உரசும் சத்தம், தோற்றம் ஆகியவற்றுக்காகக் கேபிளை மாற்றுங்கள். அதற்கு மேல் எதிர்பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கழற்ற முடியாத கேபிள் ஜாக் பக்கம் அறுந்துவிட்டது. கப்பிலேயே ஒரு சாக்கெட் வைத்து, கழற்றி மாட்டும்படி செய்ய ஆசை. சால்டரிங் (ஈயத்தால் பற்றவைப்பது) ஓரளவு தெரியும்.

ஓரளவு தெரிந்தால் போதும், பொறுமைதான் முக்கியம். முதலில் டிரைவரை முழுவதுமாக வெளியே எடுத்து மூடி வையுங்கள். அப்புறம்தான் கப்பில் துளை போட வேண்டும். டிரைவரில் இருப்பது வலுவான காந்தம். இரும்புத் தூள் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அதை வெளியே எடுப்பது மிகக் கடினம். திருப்புளியின் நுனியைக்கூடக் காந்தம் இழுத்து, ஒலி எழுப்ப அதிரும் மெல்லிய படலமான டயாஃப்ரத்தில் குத்த வைத்துவிடும். கை எப்போதும் ஓரத்திலேயே இருக்கட்டும்.

ஹெட்ஃபோன் கம்பி பலவற்றில் ஒவ்வோர் இழைமேலும் வண்ண வார்னிஷ் பூச்சு இருக்கும். அதை எரிக்காமல் ஈயம் ஒட்டாது. சூடான முனையில் ஈயத் துளி ஒன்றை வைத்து, அதற்குள் கம்பியின் நுனியை நுழைத்துப் பிடித்தால் பூச்சு கரைந்து பளபளவென்று ஈயம் ஏறும். புகையை முகர வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள்.

சிவப்பு பெரும்பாலும் வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் தரை (கிரவுண்ட்). ஆனாலும் வண்ணத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரால் உறுதி செய்யுங்கள். 3.5 மி.மீ. ஜாக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி தரை. டிரைவரின் முனையில் 2 வினாடிக்கு மேல் சூட்டைப் பிடிக்காதீர்கள், பிளாஸ்டிக் இளகி உள்ளே போகும் முடி போன்ற கம்பி அறுந்துவிடும். அறுந்தால் டிரைவர் போனதுதான்.

முடித்ததும் ஒற்றைக் குரல் மட்டும் உள்ள பாட்டைக் கேளுங்கள். குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு பக்கம் கூட்டல், கழித்தல் (ப்ளஸ், மைனஸ்) முனைகள் மாறியிருக்கின்றன.

கேள்வி: கறுப்பு அலுத்துவிட்டது. வண்ணம் பூசுவது எப்படி?

பாகங்களைக் கழற்றி, டிரைவரை வேறு அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடையுங்கள். அசிட்டோனைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதில் கரைந்துவிடும். 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு 800. காற்றுத் துளைகளையும், ஒன்றோடொன்று பொருந்தும் விளிம்புகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். விளிம்பில் பெயிண்ட் ஏறினால் மூடி சரியாக உட்காராது.

பிரைமர், அதன்மேல் மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே காய விடுதல். தடித்த ஒரே பூச்சு வழியும். தோலில் படும் இடங்களில், குறிப்பாகப் பேடில், பெயிண்ட் வேண்டாம். பூச பயமாக இருந்தால் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அதுவும் அழகுதான்.

கேள்வி: கிராடோ ஹெட்ஃபோனுக்கு மரக் கப் போட்டால் ஒலி மாறுமா?

மாறும். ஆனால் எந்த மரம் என்பதைவிட கப்பின் உள் ஆழமும் விட்டமும்தான் அதிகம் மாற்றும். பழைய கப்பின் உள் அளவுகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் பசையில் ஒட்டியிருக்கும். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, அவசரப்படாமல் பிரிக்க வேண்டும்.

கேள்வி: ப்ளூடூத், இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோனில் இதையெல்லாம் செய்யலாமா?

அதே மாடலுக்கான பேட் மாற்றலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், அதோடு நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கும் மைக்குகள் அந்தப் பேட், அந்தக் காற்றளவு என்று கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. வேறு பேட் போட்டால் நீக்கம் கெடும், சிலதில் கிறீச்சிடும். உலோகத் துகள் கலந்த பெயிண்ட் ஆண்டெனாவை மறைக்கும். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. கூர்மையான எதையும் உள்ளே விட வேண்டாம்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் பேஸ் வரும்போது "கிர்ர்" என்கிறது. டிரைவர் போய்விட்டதா?

முதலில் முடி இருக்கிறதா என்று பாருங்கள். தலைமுடி ஒன்று வலை வழியே உள்ளே போய் டயாஃப்ரத்தைத் தொட்டால் இதே சத்தம்தான் வரும். பேடைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பார்த்து, பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். இரும்பு இடுக்கியும் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம்.

கேள்வி: செய்த மாற்றம் உண்மையில் நல்லதா, மனப்பிரமையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேடும் பஞ்சும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியாது. முடிந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் செய்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே ஒலி போகும்படி வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒப்பிடும்போது சத்த அளவு சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

அளக்க விரும்பினால் ஆர்ஈடபிள்யூ (REW) என்ற ஒலி அளக்கும் மென்பொருள் இலவசம். தட்டையான பலகையில் துளையிட்டு, சின்ன மைக்கைப் பலகையின் மட்டத்துக்குப் பதித்து, அதன்மேல் கப்பை வைத்து அளங்கள். வரும் வளைவை இணையத்தில் இருக்கும் வளைவுகளோடு ஒப்பிடாதீர்கள், காது மடல் இல்லாத பலகை அது. மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்ற வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கப்பை எடுத்து மீண்டும் வைத்துச் சில தடவை அளந்தால், வைப்பதில் வரும் வித்தியாசம் எவ்வளவு, உங்கள் மாற்றத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

கேள்வி: கற்றுக்கொள்ள எந்த ஹெட்ஃபோன் நல்லது?

கோஸ் போர்ட்டா ப்ரோ. 1984-இலிருந்து பெரிய மாற்றமில்லாமல் வருகிறது. ஸ்பாஞ்ச் மாற்றினாலே ஒலி எவ்வளவு மாறுகிறது என்று முதல் நாளே கேட்டுவிடலாம். அதே நிறுவனத்தின் கேஎஸ்சி75 டிரைவர்களை அந்த ஹெட்பேண்டில் மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கழற்றி மாட்டும் கை பழகிய பின் டி50ஆர்பிக்குப் போகலாம். சால்டரிங்கை மட்டும் இவை எதிலும் தொடங்க வேண்டாம். பழுதாகி மூலையில் கிடக்கும் இயர்போனின் ஒயரை நறுக்கி, அந்த வார்னிஷ் இழைகளில் ஈயம் ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள்.