வாசகர் கேள்வி – பதில்: நீலகிரியில் மிதிவண்டிப் பயணம்

கேள்வி: நானும் கல்லூரியில் படிக்கும் என் மகனும் நான்கு நாள் விடுமுறையில் மிதிவண்டியிலேயே நீலகிரியைச் சுற்றிவர விரும்புகிறோம். பூங்காவும் படகுத்துறையும் பலமுறை பார்த்தவை. பழைய வரலாற்றுச் சுவடுகளைப் பார்க்க ஆசை. குன்னூர் வழியாக ஏறுவதா, கோத்தகிரி வழியாக ஏறுவதா?
– ஈரோடு வாசகர்

பதில்: கோத்தகிரி வழியாக ஏறுங்கள். அந்தப் பாதையில் போக்குவரத்து குறைவு என்பது ஒரு காரணம். என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான காரணம், நீலகிரியின் இருநூறு ஆண்டு வரலாறு கோத்தகிரிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு இந்தக் கிழக்குச் சரிவின் வழியாகத்தான் மேலே வந்தார். அதன் பின்னர் சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை ஒட்டிய திம்ஹட்டிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டு 1823-இல் முடிந்தது. குன்னூர் வழிப் பாதை உருவானது 1830-களின் தொடக்கத்தில். இன்றைய கோத்தகிரிச் சாலை அந்தப் பழைய தடத்திலேயே செல்வதில்லை என்றாலும், அதே சரிவில், அதே திசையில் ஏறுகிறது. ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் இடங்கள் கால வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். சமவெளியில் சுமார் 325 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,790 மீட்டர் உயரத்தை எட்டுகிறீர்கள். சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டர் தூரத்துக்கும் நாலரை மீட்டர் ஏற்றம் என்று கொள்ளலாம். கொடுமையான ஏற்றம் அல்ல, ஆனால் விடாத ஏற்றம். நன்கு விடிந்த பிறகே கிளம்புங்கள். குஞ்சப்பனைப் பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கும். பலாப்பழக் காலத்தில் பழத்தைத் தேடியே அங்கு வந்துவிடும். மோட்டார் வண்டியின் சத்தத்தைத் தொலைவிலேயே கேட்டு விலங்குகள் விலகிக்கொள்ளும், மிதிவண்டிக்கோ சத்தமே இல்லை. எனவே பார்வை மறையும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் மணியடியுங்கள்.

முதல் நாள் கோத்தகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றே உதகைக்குப் போய்விடலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். இரண்டாம் நாள் காலையில், ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் கன்னேரிமுக்கில் இருக்கும் சல்லிவன் பங்களாவுக்குச் செல்லுங்கள். நீலகிரியில் ஆங்கிலேயர் கட்டிய முதல் வீடு என்று சொல்லப்படும் கட்டடம் அது. இடிந்துகிடந்த நிலையிலிருந்து சீரமைக்கப்பட்டு இன்று நினைவில்லமாக இருக்கிறது. உள்ளே பழைய படங்களும் மலைவாழ் மக்களைப் பற்றிய ஆவணங்களும் உள்ளன. நான் முதல் முறை போனபோது வீட்டைவிட அதைச் சுற்றியிருந்த படுகர் ஊரும் காய்கறிப் பாத்திகளும்தான் என்னை நிறுத்திவைத்தன. மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நான் கேட்காமலேயே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "இவ்வளவு தூரம் மிதிச்சா வந்தே?" என்றார். காரில் வந்திருந்தால் அந்தக் கேள்வியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அங்கிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போய்வாருங்கள். கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர். வழி முழுவதும் தேயிலைத் தோட்டங்களும் இடையிடையே சோலைகளும் வரும். முனையில் நின்றால் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா ஊரும் காலடியில் விரியும். வானம் தெளிவாக இருந்தால் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும். அந்த நீருக்கு அடியில்தான் தணாயக்கன் கோட்டை கிடக்கிறது. தொடக்கத்தில் இந்த மலைக்கு வழிதேடிய ஆங்கிலேயர்கள் புறப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அவர்கள் ஏறத் தொடங்கிய இடத்தை, அவர்கள் வந்துசேர்ந்த மலையின் விளிம்பிலிருந்து பார்க்கிறோம் என்பதை உங்கள் மகனுக்கு அங்கே நின்றபடி சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் கட்டபெட்டு வழியாக உதகை, ஏறத்தாழ 29 கிலோமீட்டர். வழியில் தொட்டபெட்டாவுக்குப் பிரியும் கிளைச்சாலை வரும். கால்கள் ஒத்துழைத்தால் 2,637 மீட்டர் உயரச் சிகரத்தையும் தொட்டுவிடலாம். நான்காம் நாள் குன்னூர் வழியாக இறக்கம். அந்த வழியில் மலை ரயில் பாதை உங்களோடு கூடவே வந்துகொண்டிருக்கும். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட அந்தப் பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குன்னூருக்குக் கீழே நடுவில் பற்கள் கொண்ட தண்டவாளம் ஏன் தேவைப்பட்டது என்பது, அதே சரிவில் மிதிவண்டியில் இறங்கும்போது படிக்காமலேயே புரிந்துவிடும்.

ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது வாகன நெரிசல் மட்டுமின்றி, குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்ற ஒருவழி ஏற்பாடும் நடைமுறைக்கு வரும். நான் சொன்ன வரிசை அதற்கு நேர் எதிரானது. அக்டோபர், நவம்பர் மழையில் இந்தக் கிழக்குச் சரிவில் மண் சரியும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம், ஆனால் உதகையில் விடியற்காலை உறைபனிக்குக் கையுறை வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 61. தினமும் இருபது கிலோமீட்டர் மிதிக்கிறேன். கியர் வண்டி இருக்கிறது. மலை ஏற முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பூர்

பதில்: முடியும் ஐயா, முதலில் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டால். வயதைவிட வண்டியின் பல் சக்கரம்தான் இங்கே பெரிய கேள்வி. முன்னால் உள்ள மிகச் சிறிய பல் சக்கரத்திலும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல் சக்கரத்திலும் பற்களை எண்ணிப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால், பெடல் ஒரு முறை சுற்றும்போது சக்கரமும் ஒரே முறை சுற்றும்; வண்டி இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். கோத்தகிரி நாலரை மணி நேரத்தில் வந்துவிடும், மூச்சும் வாங்காது. முன்னால் உள்ளது பின்னால் உள்ளதைவிடச் சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது. முன்னால் உள்ள பல் சக்கரத்தில் பல் அதிகம் இருந்தால், கிளம்புவதற்கு முன் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள். வலுவாக மிதித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் முழங்கால்தான் விலை கொடுக்கும்.

தண்ணீர் நிரப்ப எஃகு பாட்டில் கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை உண்டு. குடிநீர் நிரப்பிக்கொள்ளச் சாலையோரத்திலேயே இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். துணைக்கு யாரேனும் காரில் வந்தால், அந்தக் காருக்கு இ-பாஸ் பதிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு மிதிவண்டியில் இறங்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மிகச் செங்குத்தான இறக்கம் அது. வெளியூர் வாகனங்கள் அதில் இறங்குவதற்கே கட்டுப்பாடு உண்டு. கீழே முடிவதும் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில்.

கேள்வி: உதகையில் ஒரு நாள் மட்டும் இருப்போம். மிதிவண்டியில் போய்ப் பார்க்கத் தக்க பழைய இடங்கள் எவை?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: இரண்டு இடங்கள் போதும் மகளே, அவற்றை அவசரமின்றிப் பார். ஒன்று, கல் பங்களா. சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய இந்த வீடுதான் உதகை நகரத்தின் தொடக்கம். இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அலுவலகமாகப் பயன்படும் கட்டடம் என்பதால் காவலரிடம் கேட்டுக்கொண்டு வெளியிலிருந்து பார்க்கலாம்.

மற்றொன்று, புனித ஸ்டீபன் ஆலயம். 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. உள்ளே போய் அண்ணாந்து பார். கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்துவந்த மரங்கள். மைசூர்ச் சமவெளியிலிருந்து இந்த உயரத்துக்கு அவற்றை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்பதை, ஒரு சிறிய பையைக் கட்டிக்கொண்டு ஏறிவந்த உன் கால்கள் உனக்குச் சொல்லும். நான் அந்த மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே குளிர் நடுக்கினாலும் மரம் கதகதப்பாக இருந்தது. பின்புறம் சரிவில் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஊரை உருவாக்கியவர் என்று புகழப்படுபவர் அந்த ஊர் மண்ணில் எதை விட்டுவிட்டுப் போனார் என்பது அங்கே நின்றால் தெரியும்.

தோடர்களின் குடியிருப்பான மந்து எதையும் இந்தப் பட்டியலில் நான் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு பாதிப் பீப்பாய் வடிவில், குனிந்து நுழையும் சிறு வாசலோடு அவர்கள் கட்டும் வீடுகளும் கோயில்களும் சல்லிவன் வருவதற்குப் பல காலம் முன்பே இந்த மலையில் இருந்தவை. அவர்களுக்கு அது வாழும் இடமும் வழிபடும் இடமும். நமக்குக் காட்சிப் பொருள் ஆகக் கூடாது. யாரேனும் அழைத்தால் போ. கோயிலுக்கு அருகில் செல்லாதே, கேட்காமல் படம் எடுக்காதே. அவர்களுடைய கைவேலையை மதிக்க வேண்டுமென்றால் புவிசார் குறியீடு பெற்ற அவர்களின் பூத்தையல் சால்வை ஒன்றை நேரடியாக அவர்களிடமே வாங்கு.

கேள்வி: போன வருடம் குன்னூரிலிருந்து இறங்கும்போது என் நண்பரின் வண்டியில் டியூப் வெடித்துவிட்டது. முள் எதுவும் குத்தவில்லை. காரணம் என்ன?
– கோவை வாசகர்

பதில்: பெரும்பாலும் சூடுதான். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும்; மிச்சமெல்லாம் பிரேக் கட்டை உரசும் ரிம்முக்குள்தான் போகிறது. பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் காற்றும் ரிம்மைக் குளிர்விக்க நேரம் பெறாது. உள்ளே அழுத்தம் கூடி டியூப் வெடிக்கும், அல்லது டயர் ரிம்மைவிட்டு விலகும்.

நேர்ப்பாதையில் நிமிர்ந்து உட்காருங்கள். உங்கள் மார்பே காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். வளைவு வருவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதால், பேருந்து ஏறிவருவது தெரிந்தால் வளைவுக்கு முன்னரே ஒதுங்கி நில்லுங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் டியூபுக்கு இந்த ஆபத்து இல்லை, ஆனால் தட்டும் கட்டையும் சூடாகிப் பிடிமானம் குறையும், முறை ஒன்றுதான்.

நாலைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ரிம்முக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். அனல் அடித்தால் ஒரு டீயும் வர்க்கியும் முடியும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டாம். பர்லியாறில் பழக்கடைகளுக்கு முன் நிறுத்துவதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. குரங்குகள் பையைத் திறக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.