ஆறரை மணிக்குக் கேட்கும் சாவிச் சத்தம்

கேள்வி: என் கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. சாயங்காலம் ஆறரை ஆனால் இரும்புக் கேட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்கிறது. வேலை முடிந்து அவர் வரும் நேரம் அது. எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன், சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். ஆனால் அவர் பேச்சை எடுத்தாலே மகன் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான். அலமாரியைக் காலி செய்யச் சொல்கிறாள் மகள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா. 1971ல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி எழுதினார். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இப்படி நடந்திருக்கிறது. போனவர் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும், சிலருக்குக் குரல் கேட்கும், உருவம்கூடத் தெரியும். பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. நீங்களும் அப்படித்தானே இருக்கிறீர்கள்?

நம் வீடுகளில் கருமாதிவரை ஆள் நிறைந்திருக்கும். புளோக்குக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், மண்டாய் தகனச்சாலைவரை கூட வருவார்கள், யாராவது மைலோ கலக்கி வற்புறுத்திக் குடிக்க வைப்பார்கள். அப்புறம் எல்லாருக்கும் வேலை, பள்ளி. உங்கள் மகனும் அந்த ஓட்டத்தில்தான் இருப்பார். நீங்கள் அழுதுவிடுவீர்களோ என்று பயந்துகூடக் கைப்பேசியில் முகத்தைப் புதைக்கலாம். ஆறரை மணிக்கு அவர் வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்: "அப்பா வர்ற நேரம்டா இது. எனக்குச் சாவிச் சத்தம் கேட்குது." அழுகை வந்தால் வரட்டும். அவரும் அழுதால் தடுக்காதீர்கள்.

எட்டு மாதமாகியும் அழுவதை நோய் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். நீடித்த துக்கத்தைக் கோளாறாகக் கருத, ஆறு மாதம் கடந்திருப்பது மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையே முடங்கியிருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நீங்கள் சமைக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், பேரனைப் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆனால் தூக்கமும் சாப்பாடும் அடியோடு நின்றாலோ, "நானும் அவரோடு போயிருக்கலாம்" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தாலோ பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நடு ராத்திரியானால் SOS தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767க்கு அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அலமாரிக்கு எந்தக் கெடுவும் கிடையாது. உங்களுக்குத் தோன்றும் நாளில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு சட்டையாக எடுங்கள். எந்தத் தீபாவளிக்கு எடுத்தது, எந்தக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனார் என்று பேசுங்கள். கொடுக்க மனம் வருவதைக் கொடுங்கள், மற்றது அங்கேயே தொங்கட்டும். மகள் அவசரப்படுத்தினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.