விசா வாஷிங்டனில், மற்றதெல்லாம் ட்ரென்டனில்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணவர் எச்-1பி (வேலை விசா), நான் எச்-4 (அவரைச் சார்ந்து வரும் மனைவி விசா). குடியேறிகள் உரிமைக்காக நியூஜெர்சியின் தலைநகர் ட்ரென்டனில் உள்ள சட்டமன்றத்துக்கு வாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. "அது பேப்பர் (குடியேற்ற ஆவணம்) இல்லாதவர்கள் பிரச்சினை, முறையாக வந்த நமக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார் கணவர். உங்கள் கருத்து?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: எடிசனின் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. விசா, கிரீன் கார்டு வரிசை, எச்-4க்கு வேலை அனுமதி எல்லாம் மத்திய அரசின் கையில் இருப்பவை. நியூஜெர்சி சட்டமன்றம் தலைகீழாக நின்றாலும் உங்கள் வரிசையை ஒரு நாள் முன்னே தள்ள முடியாது. ஆனால் கார் ஓட்ட லைசென்ஸ், அரசுக் கல்லூரியில் எந்தக் கட்டணம், நர்ஸ் வேலைக்கான உரிமம், உள்ளூர் போலீஸ் உங்களிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் மாநிலத் தலைநகரில் முடிவாகிறவை.

2019 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தால், 2021 மே மாதத்திலிருந்து நியூஜெர்சியில் குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும் சாதாரண லைசென்ஸ் வாங்கலாம் (அது மத்திய அரசு ஏற்கும் 'ரியல் ஐடி' அட்டை ஆகாது, விமானம் ஏற வேறு அடையாளம் வேண்டும்). 2020இல் தொழில் உரிமங்களுக்கும் குடியேற்ற நிலை தடையாக இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. உரிமம் வேறு, வேலை அனுமதி வேறுதான். ஆனாலும் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதிக்குக் காத்திருப்பதும், அனுமதி வந்த பிறகு உரிமத்துக்கு அலையத் தொடங்குவதும் ஒன்றில்லை, எச்-4இல் வருடங்களைக் கழித்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். லைசென்ஸ் சட்டத்துக்காக வருடக்கணக்கில் ட்ரென்டன் படியேறியவர்கள் யார் தெரியுமா? மேக் தி ரோட் நியூஜெர்சி போன்ற அமைப்புகளில் சேர்ந்த கிடங்குத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், பேப்பர் இல்லாத மாணவர்கள். நாம் அங்கே அதிகம் போகவில்லை.

இன்னொன்றும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். எச்-1பியில் வேலை போனால் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு ஏற்பாடு ஆகாவிட்டால் 'முறையாக வந்தவர்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று, ஆட்குறைப்பில் சிக்கிய நண்பர் யாரையாவது கேட்டால் தெரியும்.

கேள்வி: மத்திய அரசின் குடியேற்றச் சட்டத்துக்கு உதவ மாட்டேன் என்று ஒரு மாநிலம் எப்படிச் சொல்ல முடியும்? அது சட்டவிரோதம் இல்லையா?
– வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: இல்லை. மத்திய அரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து அமல்படுத்தலாம், மாநிலத்தின் போலீஸை அந்த வேலைக்கு இழுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அது துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியைச் சோதிப்பது பற்றிய வழக்கு, அதைப் போட்டு வென்றவர்கள் ஷெரீஃப்கள், அதாவது உள்ளூர் போலீஸ் தலைவர்கள். அந்தத் தத்துவத்தின் மேல்தான், குடியேற்றக் கைதுகளுக்கு உள்ளூர் போலீஸ் உதவுவதைக் கட்டுப்படுத்தும் உங்கள் மாநிலச் சட்டமான எஸ்.பி. 54 நிற்கிறது. 2017இல் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் கையெழுத்திட்டார், 2018இல் மத்திய அரசு வழக்குப் போட்டது, 2019இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது, 2020இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு, இதை எதிர்ப்பவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் ஏன் தேவை என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2008இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ஒருவரைக் கைது செய்தார்கள். ஜாமீன் பணம் கட்டியாகிவிட்டது, ஆனாலும் விடவில்லை. ஐ.சி.இ., அதாவது மத்தியக் குடியேற்றப் போலீஸ், 'இவரைப் பிடித்து வையுங்கள்' என்று ஒரு டிடெய்னர் தாள் அனுப்பியிருந்தது. மூன்று நாள் உள்ளே இருந்தார். அவர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமகன்! அந்த வழக்கில் 2014இல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், டிடெய்னர் என்பது வெறும் வேண்டுகோள், கட்டளை அல்ல, பிடித்து வைப்பது என்று முடிவெடுத்தால் பொறுப்பும் உள்ளூர் சிறைக்குத்தான் என்றது. அதன் பிறகுதான் பல ஊர்களின் சிறை அதிகாரிகள் அந்தத் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதை நிறுத்தினார்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: இந்தச் சட்டங்கள் உள்ளூர் போலீஸைக் கட்டுப்படுத்துமே தவிர, ஐ.சி.இ. உங்கள் ஊருக்குள் வருவதைத் தடுக்காது.

கேள்வி: டெக்சாஸில் பேப்பர் இல்லாத பிள்ளைகளுக்கும் கல்லூரியில் மாநிலக் கட்டணம் (உள்ளூர் மாணவருக்கான குறைந்த கட்டணம்) இருந்ததே, அது என்ன ஆனது?
– வாசகி, இர்விங், டெக்சாஸ்

பதில்: நினைத்தால் வயிறு எரிகிற விஷயம் இது. 2001இல் நாட்டிலேயே முதலில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது உங்கள் மாநிலம்தான், கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெர்ரி. அதை ரத்து செய்ய மசோதாக்கள் திரும்பத் திரும்ப வந்தன, எதுவும் தேறவில்லை, 2025 கூட்டத்தொடரிலும் தேறவில்லை. அந்தத் தொடர் முடிந்த கையோடு, ஜூன் 4 அன்று மத்திய அரசு டெக்சாஸ் மீது வழக்குப் போட்டது. எதிர்த்து வாதாட வேண்டிய மாநில அரசே "ஆமாம், ஒப்புக்கொள்கிறோம்" என்றது. அன்றைக்கே நீதிபதி உத்தரவிட, 24 வருடச் சட்டம் சில மணி நேரத்தில் போய்விட்டது. அந்தக் கட்டணத்தை நம்பிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அந்த உத்தரவுக்கு முன் நீதிமன்றத்தில் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அதனால்தான் சட்டம் நிறைவேறியதோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்கிறேன். மாநில அட்டர்னி ஜெனரலாக யார் வருகிறார் என்பதிலும் நம் கண் இருக்க வேண்டும், ஏனென்றால் சட்டத்துக்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவர் அவர். மாசசூசெட்ஸில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2022இல் பேப்பர் இல்லாதவர்களுக்கும் லைசென்ஸ் தரும் சட்டத்தை ஆளுநர் நிராகரித்தார், சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது, எதிர்த்தவர்கள் கையெழுத்து திரட்டி அதைப் பொது வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள், ஆதரவாளர்கள் மறுபடி வீடு வீடாக ஏறினார்கள், நவம்பரில் மக்கள் சட்டத்தைக் காப்பாற்றினார்கள்.

கேள்வி: எனக்கு ஓட்டு கிடையாது. சட்டமன்றக் குழு முன் பேசலாமா? விசாவுக்கு ஆபத்து வருமா?
– பெயர் வெளியிட வேண்டாம், ஜெர்சி சிட்டி

பதில்: பேசலாம். எம்.எல்.ஏ.வுக்குக் கடிதம் எழுதவோ குழு முன் சாட்சியம் சொல்லவோ குடியுரிமை தேவையில்லை. உங்கள் தொகுதிக்கு ஒரு செனட்டரும் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் உண்டு, மூன்று அலுவலகங்களுக்கும் எழுதுங்கள். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம், தயவுசெய்து. கிரீன் கார்டு இல்லாதவர் எந்தத் தேர்தல் நிதிக்கும், உள்ளூர் பள்ளி வாரிய வேட்பாளருக்குக்கூட, ஒரு டாலரும் தரக் கூடாது, சட்டப்படி குற்றம். அப்புறம், லைசென்ஸ் எடுக்கப் போகும்போது 'வாக்காளராகப் பதிவு செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். குடிமகன் என்று தவறாக ஒரு டிக் விழுந்தால் அது நாடு கடத்தல் வரை போகும்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2025இல் பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த மாணவர்களை, கிரீன் கார்டு வைத்திருந்தவரைக்கூட, பிடித்து அடைத்ததைப் பார்த்தோம். தெருப் போராட்டம் என்றால் முதலில் வக்கீலைக் கேளுங்கள். பயமாக இருந்தால் எழுத்து மூலமாகச் சாட்சியம் அனுப்புங்கள், அல்லது குடியுரிமை பெற்ற உங்கள் நண்பர்களைப் பேச அனுப்புங்கள். குடியுரிமை வாங்கிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் நம்மிடையே நிறைய.

கேள்வி: ஐயா, மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். ஒருவேளை பிடித்துவிட்டால் அரசாங்கமே வக்கீல் வைத்துத் தருமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: குடியேற்ற நீதிமன்றத்தில் அந்த உரிமை கிடையாது, அம்மா. அந்தக் குறையைப் போக்கத்தான் 2013இல் நியூயார்க் நகரம் தன் பணத்தில் வக்கீல் தரும் திட்டத்தைத் தொடங்கியது, நியூஜெர்சியும் பிறகு நிதி ஒதுக்கியது. எல்லாருக்கும் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். மகனிடம் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள்: ஒரு குடியேற்ற வக்கீலின் எண்ணையும் உங்கள் எண்ணையும் மனப்பாடம் செய்வது, 'ஏ' என்று தொடங்கும் குடியேற்றக் கோப்பு எண் இருந்தால் அதையும் பாஸ்போர்ட் நகலையும் உங்களுக்கு அனுப்பி வைப்பது, பிடித்தால் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்பது. ஐ.சி.இ. தளத்தில் ஆளைத் தேட அந்தக் கோப்பு எண்ணும் பிறந்த நாடும் போதும், கும்பகோணத்தில் இருந்தபடியே தேடலாம்.