அலுவலகக் கூட்ட அறைக்குப் புரொஜெக்டர் வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

வணக்கம். கடலூரில் உள்ள உங்கள் நிறுவனத்தின் கூட்ட அறை 20 அடி அகலமும் 30 அடி நீளமும் கொண்டது, நீளவாட்டுச் சுவரில் கிழக்கு நோக்கி மூன்று பெரிய சன்னல்கள் இருக்கின்றன, ஏறக்குறைய இருபது பேர் உட்காருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர்களுக்கு ஸ்லைடுகளும், உங்கள் ஆட்களுக்கு மாதாந்திர விற்பனைக் கணக்கும் காட்ட வேண்டும். இணையத்தில் 9000 லுமென்ஸ் (கருவி வீசும் ஒளியின் அளவு) என்று போட்டு ஒரு கருவி மலிவாகக் கிடைக்கிறது, கடையிலோ 3600 லுமென்ஸ் கருவிக்கு அதைப்போல் பல மடங்கு விலை சொல்கிறார்கள், எதை வாங்குவது என்பது உங்கள் கேள்வி. புதுச்சேரியிலும் கடலூரிலும் அலுவலகங்களுக்குப் புரொஜெக்டர் பொருத்திக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

திரை மாட்டப்போகும் சுவரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். கருவியைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான். எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தை வீச முடியாது. அது வீசுவது ஒளியை மட்டுமே. நீங்கள் திரையில் கறுப்பாகப் பார்ப்பது, ஒளி விழாத இடத்தில் திரை இயல்பாகவே எப்படித் தெரிகிறதோ அதைத்தான். விளக்கு எரியும் அறையில் வெள்ளைத் திரை வெள்ளையாகவே தெரியும் என்பதால், ஸ்லைடில் உள்ள கறுப்பு எழுத்தும் வெளிறிய சாம்பல் நிறத்தில்தான் தெரியும்.

உங்கள் அறையையே வைத்துக் கணக்குப் போடலாம். 16:10 விகிதத்தில், மூலைக்கு மூலை 100 அங்குலத் திரை என்றால் அகலம் சுமார் 2.15 மீட்டர், உயரம் 1.35 மீட்டர், பரப்பு 2.9 சதுர மீட்டர். 3500 லுமென்ஸ் ஒளியை அந்தப் பரப்பில் பரப்பினால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 1200 லுமென்ஸ், அதாவது 1200 லக்ஸ் கிடைக்கும். எல்லா விளக்குகளும் எரியும் அறையில் அந்தச் சுவர்மீது ஏற்கெனவே 200 லக்ஸ் விழுகிறது என்று கொண்டால், வெள்ளைப் பகுதி 1400, கறுப்புப் பகுதி 200, அதாவது 7:1 என்ற வேறுபாடுதான் கண்ணுக்குக் கிடைக்கும். அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனமான ஆன்சியும், ஒலி-ஒளிக் கருவித் துறையின் சங்கமான இன்ஃபோகாமும் 2011-இல் வெளியிட்ட தரநிலை, மேலோட்டமாகப் பார்த்துச் செல்வதற்கு 7:1 போதும் என்றும், திரையில் உள்ளதைப் படித்து முடிவெடுக்க வேண்டுமானால் குறைந்தது 15:1 வேண்டும் என்றும் சொல்கிறது. விற்பனைக் கணக்கு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அந்த 15:1-ஐக் கருவியின் பலத்தால் மட்டுமே அடைய நினைத்தால் 8000 லுமென்ஸுக்கு மேல் தேவைப்படும். அந்த வகைக் கருவிகளுக்கு லட்சங்களில் செலவழிக்க வேண்டும். மாறாக, சுவரில் விழும் 200 லக்ஸை 80 லக்ஸாகக் குறைத்துவிட்டால், அதே 3500 லுமென்ஸ் கருவியிலேயே 15:1 தாண்டிவிடும்.

குறைப்பதற்கு ஓர் எலக்ட்ரீஷியனும் ஒரு திரைச்சீலைக் கடைக்காரரும் போதும். திரைக்கு அருகில் இருக்கும் முதல் வரிசை டியூப் லைட்டுகளுக்குத் தனி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். அவற்றை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றை எரிய விட்டால், உட்கார்ந்திருப்பவர்கள் குறிப்பெடுக்கலாம், திரையும் தெளிவாக இருக்கும். இந்தப் பகுதியில் நான் பார்த்த கூட்ட அறைகளில் பெரும்பாலானவற்றில் எல்லா விளக்குகளும் ஒரே சுவிட்சில் இருக்கின்றன, அல்லது நீளவாட்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் முழு இருட்டா முழு வெளிச்சமா என்ற தர்க்கம் எழுகிறது. கிழக்குச் சன்னல்களுக்கு ஒளி புகாத கனமான சீலை அவசியம், ஏனெனில் காலை பத்து மணிக் கூட்டம் என்றால் கடற்கரை ஊரில் வெயில் நேராக உள்ளே வந்துவிடும். சன்னல்களுக்கு எதிரே உள்ள நீளச் சுவரில் திரையை மாட்டாதீர்கள். அகலம் குறைந்த சுவர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அளப்பதற்குக் கைப்பேசியில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை நிறுவி, முன்பக்க கேமரா அறையைப் பார்க்கும்படி கைப்பேசியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால், துல்லியமாக இல்லாவிட்டாலும் முடிவெடுக்கப் போதுமான எண் கிடைத்துவிடும்.

இனி அந்த 9000 லுமென்ஸ். வீட்டில் மாட்டும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 900 லுமென்ஸ் ஒளி தருகிறது, அதாவது ஒரு வாட்டுக்குச் சுமார் 100. நீங்கள் பார்த்த கருவியின் விவரக்குறிப்பில் எத்தனை வாட் என்று தேடுங்கள். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் 100 வாட்டுக்கு உட்பட்டவைதான். உள்ளே இருக்கும் எல்.இ.டி. தரும் ஒளியில் பெரும்பகுதி, படத்தை உருவாக்கும் எல்.சி.டி. பலகையிலும் லென்ஸிலும் வீணாகிவிடுவதால், திரையில் வந்து விழுவது பெரும்பாலும் சில நூறு லுமென்ஸ் மட்டுமே. இரவில் படுக்கையறைச் சுவரில் படம் பார்க்க அது உதவலாம். வணிகக் கூட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வாங்கும் கருவியின் தாளில் ஆன்சி லுமென்ஸ் என்றோ, ஐ.எஸ்.ஓ. 21118 தரநிலைப்படி அளந்தது என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்சி முறையில் படத்தின் ஒன்பது இடங்களில் ஒளியை அளந்து சராசரி எடுப்பார்கள். வெறும் லுமென்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் எதை எப்படி அளந்தார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

திரையின் அளவைப் பொறுத்தவரை, கடைசி நாற்காலி இருக்கும் தூரத்தை ஆறால் வகுத்தால் வரும் அளவுக்காவது திரையின் உயரம் இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் கடைசி வரிசை 24 அடியில், அதாவது சுமார் 7.3 மீட்டரில் இருக்கும் என்று கொண்டால் 1.22 மீட்டர் உயரம் தேவை. 100 அங்குலத் திரை பொருந்திவிடும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நான்கு அடியாவது மேலே இருக்கட்டும், இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் கடைசி வரியை மறைத்துவிடும். சாதாரண, பளபளப்பு இல்லாத வெள்ளை மேட் திரையே போதும். சுவரிலேயே காட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர்களில் ஒரு மழைக்காலம் கழிந்தால் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்துவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ரெசல்யூஷனில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "1080 ஆதரவு" என்று பெட்டியில் எழுதியிருந்தால், அந்த அளவில் வரும் படத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். உள்ளே இருக்கும் பலகை 800×480 புள்ளிகள் கொண்டதாகக்கூட இருக்கலாம். நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது அந்தப் பலகையில் உண்மையிலேயே உள்ள புள்ளிகள், எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்லைடுகள் மட்டும் காட்டுவதானால் 1280×800 போதும். நீங்கள் எக்செல் கணக்கும் காட்டுகிறீர்கள். 1920×1080 லேப்டாப் திரையை 1280×800-க்குள் சுருக்கும்போது மெல்லிய கட்டக் கோடுகள் சில தடித்தும் சில மறைந்தும் போகும், 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியாமல் கண் திணறும். ஆகவே 1920×1080 அல்லது 1920×1200 கொண்ட கருவியையே எடுங்கள். பணம் போதவில்லை என்றால் லுமென்ஸில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் பெரும்பாலும் இரண்டு வகை. டி.எல்.பி. என்பது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லை அடிப்படையாகக் கொண்டது. லட்சக்கணக்கான சின்னஞ்சிறு கண்ணாடிகள் சாய்ந்தும் நிமிர்ந்தும் ஒளியைத் திருப்பிவிடுகின்றன. அலுவலகங்களுக்கு விற்கப்படும் டி.எல்.பி. கருவிகளில் ஒரே ஒரு சில்லுதான் இருக்கும் என்பதால், சுழலும் வண்ணச் சக்கரம் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. வெள்ளையைக் கூட்டிக் காட்ட அந்தச் சக்கரத்தில் நிறமற்ற ஒரு பகுதியையும் சேர்த்திருப்பார்கள். அந்தக் கருவிகளில் வெள்ளை பளிச்சென்றும், சிவப்பும் மஞ்சளும் மங்கலாகவும் தெரியும். 3 எல்.சி.டி. வகையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிப் பலகைகள் உள்ளதால் நிறங்களின் வெளிச்சமும் வெள்ளையின் வெளிச்சமும் சமமாக இருக்கும். நிறுவனத்தின் சின்னமும் வண்ண வரைபடங்களும் சரியான நிறத்தில் தெரிய வேண்டிய கூட்ட அறைக்கு நான் 3 எல்.சி.டி.யையே சொல்வேன். கடலூர் சிப்காட் போன்ற பகுதியில், தொழிற்கூடத்தை ஒட்டிய பயிற்சிக் கூடத்துக்கு என்று கேட்டிருந்தால் ஒளிப்பாதை மூடப்பட்ட டி.எல்.பி. கருவியைச் சொல்லியிருப்பேன், ஏனெனில் எல்.சி.டி. பலகைகளைக் குளிர்விக்க வெளிக்காற்று உள்ளே போகிறது, காற்றோடு தூசியும் போகிறது.

ஒளி தருவது லேம்ப்பா லேசரா என்பதை உங்கள் பயன்பாட்டு நேரம் தீர்மானிக்கட்டும். லேம்ப் சாதாரண நிலையில் பெரும்பாலும் 4000 முதல் 6000 மணி நேரம் உழைக்கும், லேசர் ஏறத்தாழ 20,000 மணி நேரம். தினமும் நான்கு மணி நேரம் என்று ஆண்டுக்கு 250 நாள் ஓட்டினால் 1000 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் லேசருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மணி நேரம்தான் ஆகும், நல்ல லேம்ப் கருவியே நெடுங்காலம் வரும். இவற்றின் ஆயுளை வெளிச்சம் பாதியாகக் குறையும் வரை என்றே கணக்கிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இன்று 3500 லுமென்ஸ் தருவது அந்தக் காலத்தின் முடிவில் 1750 தான் தரும் என்பதால், தொடக்கத்திலேயே சற்றுக் கூடுதலாக, 4000 அளவில் வாங்குவது நல்லது. மின்சாரம் திடீரென்று போனால் சூடான லேம்ப்பைக் குளிர்விக்காமலே விசிறி நின்றுவிடும்; லேம்ப் கருவி வாங்கினால் அதற்கு ஏற்ற யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

பொருத்தும் இடம் பற்றி. சாதாரணக் கருவி 100 அங்குலப் படம் தர, திரையிலிருந்து பத்து முதல் பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்க வேண்டும். மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் கருவியின் தாளில் உள்ள த்ரோ விகிதத்தை (தூரத்துக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதம்) திரை அகலத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் சீலிங்கில் துளை போட வேண்டும். லென்ஸ் திரைக்கு நேராக அமைய வேண்டும். கோணலாக வைத்துவிட்டு, படத்தின் கோணலை நிமிர்த்தும் கீஸ்டோன் வசதியில் சரிசெய்தால் படம் செவ்வகமாகும், ஆனால் புள்ளிகள் வீணாகி எழுத்துகளின் கூர்மை போய்விடும். புதுச்சேரியின் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் காலக் கட்டடங்களில் அலுவலகம் நடத்துபவர்களுக்கு உயரமான கூரையிலிருந்து நீண்ட குழாய் இறக்க வேண்டியிருக்கும், மேலே விசிறி சுற்றினால் அந்தக் குழாயோடு படமும் ஆடும்; அங்கெல்லாம் பின்சுவரில் தாங்கி அடிப்பதே மேல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். மேல்தளத்தில் ஈரக்கறை தெரிகிற இடத்துக்குக் கீழே விலையுயர்ந்த கருவியைத் தொங்கவிடாதீர்கள்.

ஃபில்டரைப் பற்றி வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. பராமரிப்புக்குப் போகும் இடத்தில் கருவியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால், கடற்பஞ்சு போன்ற அந்தச் சிறு தகட்டின்மேல் சாம்பல் நிறத் தூசி கம்பளித் துணியைப்போலப் படிந்திருக்கும், விரலால் இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். காற்றின் ஈரத்தால் நம் கடற்கரைப் பகுதியில் தூசி இப்படி அடையாகவே ஒட்டிக்கொள்கிறது. பிறகு காற்று உள்ளே போகாமல் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்து, கூட்டத்தின் நடுவில் கருவி தானாக அணைந்துவிடும். கருவியைக் கழற்றாமலே ஃபில்டரை வெளியே எடுக்க முடியுமா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். ஃபில்டர் மேல்பக்கத்தில் திறக்கும் மாடலைச் சீலிங்கில் தலைகீழாக மாட்டினால், சுத்தம் செய்ய ஏணியில் ஏறுபவர் படாத பாடு படுவார்.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். மேசையிலிருந்து சுவர் வழியாகச் சீலிங் வரை போனால் எச்.டி.எம்.ஐ. கேபிள் பத்து மீட்டரைத் தாண்டிவிடும், அந்த நீளத்தில் சாதாரணச் செம்புக் கேபிளில் படம் விட்டுவிட்டு வரலாம். ஃபைபர் எச்.டி.எம்.ஐ. போடுங்கள், அதற்கு லேப்டாப் முனை எது, புரொஜெக்டர் முனை எது என்று குறித்திருப்பார்கள், மாற்றிப் போட்டால் படமே வராது. டைப்-சி துளை உள்ள எல்லா லேப்டாப்பிலும் அந்த வழியாகப் படம் வெளியே வருவதில்லை, எனவே வாடிக்கையாளர் தம் லேப்டாப்பைக் கொண்டுவந்தால் அதில் எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கருவிக்குள்ளேயே இருக்கும் ஒலிபெருக்கி இருபது பேர் அறைக்குப் போதாது.

புரொஜெக்டரே வேண்டாம், பெரிய டிவி வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பத்துப் பேர் உட்காரும் அறை என்றால் நானும் அதையே சொல்வேன். 75 அங்குல டிவியின் உயரம் ஏறக்குறைய 93 செ.மீ. தான், அதே ஆறு மடங்குக் கணக்கின்படி அது 5.6 மீட்டர் வரைதான் எட்டும், உங்கள் கடைசி வரிசைக்குப் போதாது.

கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப்பையும், உண்மையான விற்பனைக் கணக்கு எக்செல் கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் காட்டும் கடலும் கிளியும் பூக்களுமான செய்முறைப் படம் எந்தக் கருவியிலும் அழகாகத்தான் இருக்கும். கடையின் விளக்குகளை எரியவிட்டு, உங்கள் கடைசி நாற்காலியின் தூரத்தில் நின்று, 10 பாயின்ட் அளவு எழுத்தில் உள்ள ஒரு வரியை உடன் வந்தவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சள் நிரப்பிய கட்டமும் நிரப்பாத கட்டமும் வேறுவேறாகத் தெரிகின்றனவா என்றும் கேளுங்கள். கருவிக்கு ஒரு வாரண்டியும், லேம்ப்புக்கு அதைவிடக் குறைந்த, மணிக்கணக்கில் வரம்புள்ள தனி வாரண்டியும் இருக்கும். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். மாற்று லேம்ப்பின் விலை என்ன, சர்வீஸ் சென்டர் புதுச்சேரியில் இருக்கிறதா அல்லது ஒவ்வொரு முறையும் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கடலூர் நிறுவனம் புதுச்சேரிக் கடையில் வாங்கும்போது அது வேறு ஆட்சிப் பகுதியின் கடை என்பதால், பில்லில் எந்த வகை ஜி.எஸ்.டி. போட்டால் உங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும் என்று உங்கள் ஆடிட்டரிடம் விசாரித்து, உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள்.